எஸ்டேட் ஓரமாகத் தண்ணீர்க் குழாய் வருகிறது: லயத்து மக்களிடம் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் உதவும். மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் பதினொரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வரப்போகிறது. வழியில் இரண்டு எஸ்டேட், ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில். குத்தகைக் கம்பெனி உங்களை மக்கள் தொடர்பு அதிகாரியாக எடுத்திருக்கிறது. வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆறேழு பேர் வந்து சைட் ஆபிசில் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "எஸ்டேட் மேனேஜர் சம்மதக் கடிதம் கொடுத்தாச்சு, பெர்மிட் எல்லாம் கையில இருக்கு, அப்புறம் ஏன் இந்த வம்பு, எப்படிச் சமாளிக்கிறது?" என்கிறீர்கள். தங்கச்சி, நான் படித்த வரையில் உங்கள் கேள்வி இதுதான்: கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், தூசியைத் தின்கிறவர் வேறொருவர். அந்த இரண்டாமவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

நான் இருபத்தாறு வருடம் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தவன். பேராக்கிலும் கெடாவிலும் சைட் மேற்பார்வையாளராகப் பெரும்பகுதி, கடைசி ஒன்பது வருடம் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் கம்பெனி வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சபா, சரவாக் பக்கம் நான் வேலை செய்ததில்லை. அங்கே நிலச் சட்டமும் தண்ணீர்ச் சட்டமும் வேறு, ஆகவே இதை அங்கே அப்படியே கொண்டு போகாதீர்கள்.

கோபத்துக்குக் காரணம் நிலப் பத்திரத்தில் இருக்கிறது. குழாய் போகும் இடம் தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் பேச்சு தோட்ட நிர்வாகத்தோடு முடிந்துவிடுகிறது. லயத்தில் இருப்பவர்கள் யார்? முப்பது நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வேலை முடிந்த பிறகும் அதே வீட்டில் இருக்கும் முதியவர்கள். பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய்வரும் அவர்கள் பிள்ளைகள். அப்புறம், இன்று தோட்ட வேலையைப் பெரும்பாலும் செய்கிற இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தார். இவர்கள் யார் பெயரும் எந்தக் காகிதத்திலும் கிடையாது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமே, இழப்பீடு கேட்கும் உரிமையுள்ளவர் யார் என்று விளக்கும்போது, உரிமையாளர் விருப்பத்தின்பேரில் தங்கியிருப்பவரை வெளியே நிறுத்திவிடுகிறது. உங்கள் குழாய்க்கு நில எடுப்பே நடக்கவில்லை, வழிவிடும் சம்மதம் மட்டும்தான் என்றால் நில அலுவலகத்து விசாரணையும் இருக்காது. ஆக, சட்டப்படி எல்லாம் சரியாக நடந்து முடிந்த ஒரு காலையில் அவர்கள் வாசலில் ஜெங்காவுட் (மண் தோண்டும் இயந்திரம்) வந்து நிற்கிறது. சைட் ஆபிசில் கேட்ட சத்தம் அதுதான்.

சட்டம் அப்படி இருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையா என்றால், இருக்கிறது, இரண்டு வழியில். உலக வங்கியோ அதன் துணை நிறுவனங்களோ பணம் போட்ட திட்டம் என்றால், பட்டா இல்லாதவருக்கும் அவர் நட்ட மரம், கட்டிய கொட்டகை, இழந்த வருமானம் ஆகியவற்றுக்கு ஈடு தரவேண்டும் என்பது அவர்களுடைய விதி. உள்ளூர்ப் பணத்தில் நடக்கும் வேலையை அந்த விதி கட்டாது, ஆனால் அந்தக் கணக்குமுறையைக் கடன் வாங்கிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. இன்னொன்று, பத்திரம் இல்லாத நிலம் காலி நிலம் என்று நினைத்து அரசே சறுக்கியிருக்கிறது. கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) நெடுஞ்சாலைக்காக சிலாங்கூர் புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலத்தை எடுத்தபோது, அங்கே நின்ற மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு அந்த நிலத்தின் மீதே மரபுரிமை உண்டு என்று சொல்லிவிட்டன. அது பூர்வகுடியினருக்கான தீர்ப்பு, லயத்து மக்களுக்குப் பொருந்தாது, கலந்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் பதினொரு கிலோமீட்டரில் ஒரு முனை தெமியார் பூர்வகுடிக் கிராமங்கள் இருக்கும் பக்கம் நீள்கிறது என்றால், அங்கே வேறொரு பேச்சுவார்த்தை தேவைப்படும். இதை உங்கள் திட்ட மேலாளரிடம் இன்றே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு கறிவேப்பிலை மரத்தால். ஒரு தோட்டத்தில் மூன்றாவது லயத்துக்குப் பின்னால் ஒரு பாட்டி முருங்கை ஒன்று, கறிவேப்பிலை இரண்டு, கொஞ்சம் வாழை வைத்திருந்தார். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். காலை பத்து மணிக்குள் சுத்தம் செய்துவிட்டோம். மறுநாள் அவர் ஆபிசுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தார். வாடிப்போன கறிவேப்பிலைக் கொத்துகள். "வாரம் பத்து கட்டு கட்டி ஞாயித்துக்கிழமை சந்தைக்குக் கொடுப்பேன், கட்டு ஒரு வெள்ளி. இடத்துக்குக் காசு கொடுத்துட்டீங்களாமே தம்பி, யார் கையில கொடுத்தீங்க?" என்றார். தொகை தோட்டத்தின் கணக்குக்குப் போயிருந்தது. மாதம் நாற்பது வெள்ளி (ரிங்கிட்) என்பது எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை, அவருக்கு அது மாத்திரைக் காசு. ஒரு வருட வருமானத்தை சைட் செலவில் எழுதி அவரிடம் கொடுக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று, ஏனென்றால் அப்படி ஒரு செலவுக்குத் தலைப்பே இல்லை என்று கணக்குப் பிரிவு சொன்னது. அந்த ஐந்து வாரத்தில் அந்த லயத்தில் ஒருவரும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் கூட்டம் போடுவதற்கு முன்னால் நடந்து பாருங்கள். வழித்தடம் முழுவதையும், ஜீப்பில் இல்லை, காலால். ஒரு முறை காலை ஐந்தரைக்கு, ஒரு முறை பள்ளி விடும் நேரத்தில், ஒரு முறை மழை பெய்யும் சாயங்காலத்தில். காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள் எந்தக் குறுக்கு வழியில் போகிறது, பள்ளி பஸ் எங்கே திரும்புகிறது, எந்த வீட்டில் சக்கர நாற்காலி இருக்கிறது, இடுகாட்டுக்கு எந்தப் பாதை, முனியாண்டி கல் எந்த மரத்தடியில் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. கோயிலையும் இடுகாட்டையும் வேலை தொடங்குமுன் கண்டுபிடித்தால், குழாயை ஓரிரு மீட்டர் தள்ளிப்போடுவது ஒரு பொறியாளரின் அரை நாள் வேலை. தோண்டிய பிறகு கண்டுபிடித்தால் போலீஸ் வரும், சட்டமன்ற உறுப்பினர் வருவார், பத்திரிகைக்காரர் வருவார்.

மழை நேரத்து நடையை விட்டுவிடாதீர்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை கொட்டும். தோண்டிய மண்ணைக் கான் (மழைநீர் வடிகால்) ஓரமாகக் குவித்திருந்தால் ஒரே மழையில் அது கானுக்குள் போய்விடும், தண்ணீர் லயத்துச் சமையலறைக்குள் வரும். நான் பதிவு செய்த புகார்களில் தூசிக்கு அடுத்து அதிகம் வந்தது இதுதான், தடுப்பதற்கு மிகச் சுலபமானதும் இதுதான்: மண் ரோட்டுப் பக்கம், கான் பக்கம் வெறுமை. சாயங்காலம் வேலை நிறுத்துமுன் ஒருவர் கானில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து லோரிகளின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். அடிபட்ட பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், ஆலையில் தரம் குறைப்பார்கள். நீங்கள் ஒரு மதியம் ரோட்டை மறித்தால் லோரிக்காரருக்கு ஒரு நடை போச்சு, குலை வெட்டுகிறவருக்குக் கூலி போச்சு. மேனேஜர் சம்மதக் கடிதத்தில் ரோட்டைப் பற்றிப் பெருந்தன்மையாக எழுதியிருப்பார். மறித்த அன்று அவரே முதலில் போன் செய்வார்.

இப்போது நாள் குறிக்கும் விஷயம். இது என்னுடைய தவறு, மறைக்க ஒன்றுமில்லை. பழைய குழாயோடு புதியதை இணைக்க எட்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பள்ளி இல்லை, தொழிற்சாலை இல்லை என்று கணக்குப் போட்டு நான்தான் கையெழுத்திட்டேன். பொது விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன், கோயில் நோட்டீசைப் பார்க்கவில்லை. அன்று அந்தத் தோட்டத்து அம்மன் கோயிலில் பால்குடம். காலை ஒன்பதரைக்கு வாசல் தெளிக்கத் தண்ணீர் இல்லை, அன்னதானக் கொட்டகையில் அரிசி கழுவித் தயாராக இருக்கிறது, உலை வைக்கத் தண்ணீர் இல்லை, வெறுங்காலில் நடந்து வருகிறவர்களுக்குக் காலில் ஊற்றத் தண்ணீர் இல்லை. கோயில் தலைவர் என்னைத் திட்டவில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். பக்கத்துத் தாமானிலிருந்து ஆட்கள் காடியில் (வண்டியில்) டிரம் டிரம்மாக இறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு அரசாங்க நாட்காட்டியில் இடமில்லை, ஒவ்வொரு கோயிலுக்கும் ஒவ்வொரு நாள். ஆகவே ஒவ்வொரு கோயிலுக்கும் சூராவுக்கும் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இடம்) நேரில் போய், அடுத்த பதினெட்டு மாதத்துக்கான நாட்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவு வீடு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அதற்கு, வாசலில் பந்தல் போட்டால் அந்தத் தெருவில் அன்று ஜெங்காவுட் நிற்கும் என்று போர்மேனிடம் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிறுத்தும் அறிவிப்பில் எல்லாரும் நேரத்தை எழுதுவார்கள், அளவை எழுதமாட்டார்கள். ஒரு மனிதருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, கழிவறைக்கு என்று ஒரு நாளைக்குக் குறைந்தது 50 லிட்டர் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. அறுபது வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 15,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லோரி ஒன்று ஒரு முறை வந்து போனால் போதாது என்று இப்போதே தெரிகிறது அல்லவா? தாமான் வீடுகளில் கூரைத் தொட்டி இருக்கும், ஒரு நாள் நிறுத்தினால் பாதிப்பேருக்குத் தெரியவே தெரியாது. லயத்து வீட்டில் ஒரு நீல டிரம்தான். அதே எட்டு மணி நேரம் இருவருக்கும் ஒன்றல்ல, லோரியை முதலில் லயத்துக்கு அனுப்புங்கள். அப்புறம், லோரி வந்து நிற்கும் இடத்திலிருந்து வாளி தூக்கமுடியாதவர்கள் யார் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பட்டணத்தில் டயலிசிஸ் மையம் இருந்தால் அவர்களுக்குத் தனியாக, நேரில், இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். ஒரு இயந்திரத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் திரவம் ஓடும், அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு முறை 120 லிட்டர். அதைச் சுத்திகரிப்பதில் வீணாவது தனி. அளவு மட்டுமல்ல, புதுக் குழாயைக் கிருமி நீக்கக் குளோரினை அதிகமாகப் போடுகிறோம். குளோரினும் குளோரமினும் டயலிசிஸ் தண்ணீரில் கலந்தால் நோயாளியின் இரத்த அணுக்கள் உடையும். மையத்தில் வடிகட்டி இருக்கும், ஆனால் எந்த நாளில் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்பது நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தக் குளோரின் தண்ணீரை வெளியேற்றும்போதும் இதே கவலை வேண்டும். 600 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 283,000 லிட்டர் நிற்கும். அதை அப்படியே ஓடையில் திறந்துவிட்டால் கீழே யாரோ வளர்க்கும் திலாப்பியா மீன் மிதக்கும். சோடியம் தயோசல்பேட் போட்டு முறித்துவிட்டுத்தான் விடவேண்டும், விடும் நேரத்தைக் குளம் வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் விடவேண்டும்.

தண்ணீர் திரும்ப வந்ததும் தொலைபேசி அலறும். பால் போல வெள்ளையாக வருகிறது என்பார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, பயமில்லை. சிவப்பாக, பழுப்பாக வந்தால் பழைய இரும்புக் குழாயில் படிந்திருந்த துரு கிளம்பியிருக்கிறது. தெளியும்வரை திறந்துவிடவேண்டும், அதுவரை பள்ளிச் சட்டையைத் துவைக்க வேண்டாம். இதை முந்தின நாளே குரல் செய்தியாக அனுப்பிவிட்டால் உங்களுக்குப் பாதி அழைப்பு குறையும். ஒரு மணி நேரம் திறந்துவிட்டும் தெளியவில்லை, அல்லது வாடை அடிக்கிறது என்றால் அது வேறு விஷயம். குடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு மாதிரி எடுக்க ஆள் அனுப்புங்கள். "ஒண்ணும் ஆகாது, குடிக்கலாம்" என்று போனிலேயே சொல்லும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது.

பாதுகாப்பு விஷயங்கள் உங்கள் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியும், ஆகவே மக்களோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். அன்று தோண்டியதை அன்றே மூட முடிகிற நீளத்துக்குமேல் லயத்துக்கு முன்னால் தோண்டக்கூடாது. ஒன்றரை மீட்டருக்குமேல் ஆழம் போனால் பக்கச்சுவர் தாங்கு இல்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது, பந்தை எடுக்க இறங்கும் பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாசலுக்கு வாசல் இரும்புத் தகடு. அடுக்கி வைத்த குழாய்களின் வாயை மூடி வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்ந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் அபராதம் கம்பெனிக்கு, டிங்கி காய்ச்சல் லயத்துக்கு. பழைய குழாய் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் (நம் நாட்டில் அது இன்னும் நிறைய மண்ணுக்குள் இருக்கிறது) அதை உலர்ந்தபடி மின்ரம்பத்தால் அறுக்கவே கூடாது. உடைந்த துண்டுகளையும் ஓரத்தில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. பூச்செடிக்கு வரம்பு கட்ட நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். நானே ஒரு வீட்டில் துளசி மாடத்தைச் சுற்றி அப்படி வைத்திருந்ததைப் பார்த்துத் திரும்ப வாங்கியிருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு நிச்சயமானவை. சுவர் விரிசல் அப்படி இல்லை. மண் அழுத்தும் இயந்திரத்தின் அதிர்வு தூரம் கூடக்கூடச் சட்டென்று குறைந்துவிடும் என்பது உண்மை. பள்ளத்திலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால், இளகிய மண்ணில் பக்கத்து வீட்டு அடித்தளம் இறங்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஐம்பது வருடத்துச் செங்கல் சுவரில் ஒரு குறிப்பிட்ட விரிசல் நம்மால் வந்ததா, வெயிலுக்கும் மழைக்கும் களிமண் சுருங்கி விரிந்ததால் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. "எங்களால் இல்லை" என்று அடித்துச் சொல்லும் பொறியாளரையும் நம்பாதீர்கள், "நேத்துதான் வந்துச்சு" என்று சொல்லும் வீட்டுக்காரரையும் முழுதாக நம்பாதீர்கள். அவர் நேற்றுத்தான் அதைக் கவனித்திருப்பார். ஒரே மருந்து, வேலைக்கு முன்பே வீடு வீடாகப் படம் எடுப்பது. ஒவ்வொரு விரிசல் பக்கத்திலும் ஒரு இருபது காசு நாணயத்தை வைத்து, தேதி தெரியும்படி எடுத்து, வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு பிரதியை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். பிரதியை அவரிடம் விடாமல் வந்தால் அது உங்கள் தற்காப்பு மட்டும்தான், அவருக்கும் அது தெரியும். படம் இல்லாத வீட்டில் சண்டை வந்தால் என் பழக்கம், பூசிக் கொடுத்துவிடுவது. ஒரு மூட்டை சிமெண்டுக்காக ஒரு மாதம் வேலை நிற்பதைப் பார்த்தவன் நான். இது எல்லா இடத்திலும் சரியான வழியா என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் மேலாளர்களும் உண்டு. ஒரு வீட்டுக்குப் பூசினால் இருபது வீட்டில் விரிசல் முளைக்கும் என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

கூட்டம் போடுங்கள், ஆனால் கூட்டத்தை நம்பாதீர்கள். மண்டபத்தில் வந்து முன்வரிசையில் உட்காருபவர்கள் கோயில் கமிட்டி, கட்சிக் கிளை, பெற்றோர் ஆசிரியர் சங்கம். தண்ணீர் பிடித்து வைக்கிற பெண்கள் அந்த நேரத்தில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் காலை பத்து மணிக்கு ஒட்டுக்கடையிலும் துணி காயப்போடும் இடத்திலும்தான் பிடிக்க முடியும். அறிவிப்பு மலாயிலும் தமிழிலும் இருக்கட்டும். ஆனால் பாட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம், பேரனுக்கு மலாய்தான் சுலபமாக இருக்கலாம், கடைசி லயத்தில் வங்காளி பேசுகிறவர்கள் இருக்கலாம். முப்பது வினாடிக் குரல் செய்தி காகிதத்தைவிடத் தூரம் போகும். வங்காளத்துக்கு அவர்களிலேயே ஒருவரைப் பேச வையுங்கள்.

புகாருக்கு ஒரு புத்தகம். பெரிய மென்பொருள் எல்லாம் வேண்டாம், கடனுக்குச் சாமான் எழுதுவோமே அந்த 555 நோட்டே போதும். யார், என்ன, எப்போது, நான் என்ன சொன்னேன், எப்போது முடிந்தது, முடிந்தது என்று அவர் போட்ட கையெழுத்து. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். நீங்கள் "முடிந்தது" என்று எழுதினால் அது முடிந்ததாகாது. அப்புறம் உங்கள் மேலாளரிடம் சண்டை போட்டாவது ஒரு அதிகாரத்தை வாங்குங்கள்: ஒரு குறிப்பிட்ட தொகைவரை, யாரையும் கேட்காமல், அன்றே செலவு செய்யும் அதிகாரம். உடைந்த வேலிக்கும், மிதிபட்ட செடிக்கும், பஞ்சரான சைக்கிளுக்கும் அது போதும். பெரிய விஷயங்களுக்கு நேரம் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள். சின்ன விஷயத்துக்கு மூன்று வாரம் இழுத்தால்தான் சைட் ஆபிசில் வந்து கத்துவார்கள்.

"எங்க பையன்களுக்கு வேலை போட்டுக் கொடுங்க" என்று கேட்பார்கள், நியாயம்தான். வாய்வார்த்தையாக "பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள், அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். கட்டுமான இடத்தில் வேலை செய்ய சிஐடிபியின் (கட்டுமானத் தொழில் வாரியம்) பச்சை அட்டை வேண்டும், அதற்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி, அப்புறம் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பதிவு. கொடி பிடித்துப் போக்குவரத்தை நிறுத்துபவர், காவலர், கான் சுத்தம் செய்பவர் என்று எத்தனை இடம் இருக்கிறதோ அந்த எண்ணிக்கையைச் சொல்லி, பயிற்சிக்கு ஒரு நாளைக் குறித்து, போக்குவரத்தும் கொடுத்தால் வருகிறவர்கள் வருவார்கள். கொடி பிடிப்பவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் எந்தக் காடி யாருடையது, யார் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு கேள்வியை அவர்கள் கேட்குமுன் நீங்கள் கேட்டுவிடுங்கள்: இந்தக் குழாயால் லயத்துக்குத் தண்ணீர் வருமா? பெரும்பாலும் வராது. அது பெரிய குழாய், தேக்கத் தொட்டிக்குப் போவது. நடுவில் வீட்டுக்கு வீடு துளை போட முடியாது. நான் வேலை செய்த தோட்டங்களில் எல்லையில் ஒரு பெரிய மீட்டர் இருக்கும், அதற்கு உள்ளே ஓடும் குழாய் தோட்டத்தின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி, தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும். வேலையில் இருப்பவருக்கு அது பேசும், வேலை முடிந்தும் அதே வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடும். ஆக, வாசலில் ஆறு மாதம் தூசி, குழாய் போவது தாமானுக்கும் தொழிற்பேட்டைக்கும், லயத்தில் பழையபடி சாயங்காலம் நூல் போலத் தண்ணீர். இந்த மனக்குறையை எந்த இனிப்பான பேச்சாலும் மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். தோட்ட நிர்வாகம் உள்குழாயை மாற்றத் தயாரா, பள்ளம் திறந்திருக்கும்போதே அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்குமா என்று வேலை தொடங்குமுன் கேட்டுப் பாருங்கள். நான் மூன்று இடத்தில் கேட்டேன், ஒரு இடத்தில் நடந்தது. நடக்காத இரண்டு இடத்திலும் "வராது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன மற்றவற்றை நம்பினார்கள்.

வேலை முடிந்து தார் போட்ட பிறகும் மண் இறங்கும். அடுக்கடுக்காக அழுத்தாமல் மொத்தமாகக் கொட்டி மூடியிருந்தால் அடுத்த மழைக்காலத்திலேயே ரோட்டில் வாய்க்கால் போலக் குழி விழும், அதில் முதலில் விழுவது காலை ஐந்தரை மணி மோட்டார் சைக்கிள். குறைபாட்டுக் காலம் (பழுதைக் கம்பெனியே சரிசெய்ய வேண்டிய காலம்) என்று ஒப்பந்தத்தில் 12 மாதமோ 24 மாதமோ போட்டிருப்பார்கள், ஆனால் உங்களை அதற்குள் வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் காலம் முடியும்வரை நோட்டீசில் போட்ட எண்ணை எடுக்கப்போவது யார் என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் பழைய எண்ணுக்கு இன்றும் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வருகிறது.

தமிழ்ப்பள்ளிக்கு முன்னால் குழாய் ரோட்டின் எந்தப் பக்கம் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாசல் பக்கம் என்றால் அந்தப் பகுதியைப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளச் சொல்லி, இந்த வாரமே தலைமையாசிரியரை அழைத்துக்கொண்டு திட்ட மேலாளரைப் பாருங்கள். அட்டவணை அச்சுக்குப் போய்விட்டால் அப்புறம் யாரும் மாற்றமாட்டார்கள்.